அண்டாவும் ஏறணும், அம்மாவும் ஏறணும்

நேயர்களுக்கு வணக்கம். நான் ரெயூனியன் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிற சேன்-ஆந்த்ரேயில் இருந்து வருகிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் விருந்து என்று கூப்பிடுகிற இடத்துக்குப் போய்ச் சமைத்துக் கொடுப்பது என் தொழில். இன்று என்னைச் சமையலைப் பற்றிப் பேச அழைக்கவில்லை, நான் ஓட்டும் சின்ன டீசல் வேனைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எனக்குச் சந்தோஷம்தான். இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான இந்தத் தீவில் கைத்தொழில் செய்கிற எவருக்கும் அடுப்புக்கு அடுத்தபடி வேண்டியது ஒரு நல்ல கமியோனெத், அதாவது சின்னச் சரக்கு வேன்.

எங்கள் அப்பா ஓட்டியது ரெனோ 4-இன் சரக்கு வண்டி. முன்பாதி கார், பின்பாதி தகரப் பெட்டி. மூட்டையை ஏற்றிவிட்டால் நாங்கள் பிள்ளைகள் அதன் மேலேயே உட்கார்ந்து வருவோம்; இன்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. 1985-இல் ரெனோ எக்ஸ்பிரஸ் வந்தபோதும் காருக்குப் பின்னால் பெட்டியை ஒட்டவைத்த அமைப்புதான். 1996-இல் சித்ரோயன் பெர்லிங்கோவும் பெஜோ பார்ட்னரும், 1997-இல் ரெனோ காங்கூவும் வந்த பிறகுதான் அது மாறியது. காரும் பெட்டியும் ஒரே உடம்பாக, ஓட்டுநர் நிமிர்ந்து உட்காரும்படி செய்தார்கள். நம் தெருக்களில் இன்று நிற்கிற சின்ன வேன்களில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை. என்னுடையதும் அந்த வகைதான், ஐந்து பேர் உட்காரலாம், பின் இருக்கையை மடித்தால் சரக்கு ஏற்றலாம்.

நான் பார்ப்பது இரண்டே விஷயம். அண்டாவும் ஏறணும், அம்மாவும் ஏறணும். வெள்ளி, சனி தொழில். ஞாயிறு கோயில், உறவினர் வீடு. இரண்டுக்கும் தனித்தனி வண்டி வைக்க என்னால் முடியாது, நம்மில் பலராலும் முடியாது.

முதலில் அண்டா. முந்நூறு பேருக்குச் சமைக்கப் போனால் மூன்று பெரிய அண்டா, அரிசி, பருப்பு, காய், அடுப்புகள், கேஸ் உருளை எல்லாம் சேர்ந்து 400 கிலோவுக்குக் குறையாது. இந்த அளவு வேன்களில் இருவர் இருக்கை உள்ள சரக்கு வகை ஏறத்தாழ 600 முதல் 800 கிலோ வரை தாங்கும். ஐந்து இருக்கை உள்ளது அதைவிடக் குறைவாகத்தான் தாங்கும். விற்பவர் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம், பதிவு அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். F.2 என்ற கட்டத்தில் வண்டி சுமையோடு இருக்கக்கூடிய மொத்த எடை இருக்கும். G.1 என்ற கட்டத்தில் வெறும் வண்டியின் எடை இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். வருகிற எண்ணில் உங்கள் உடம்பும் பக்கத்தில் உட்காருகிறவர் உடம்பும் அடக்கம். மூன்று ஆட்களை ஏற்றிக்கொண்டால் அங்கேயே 200 கிலோவுக்கு மேல் போய்விடும்.

ஏற்றும் தளம் தாழ்வாக இருப்பது இந்த வண்டியின் பெரிய உபகாரம். பின்னால் தரைக்கு மேல் முழங்கால் அளவுதான். சாம்பார் நிறைந்த அண்டாவை இருவர் பிடித்து இடுப்பு வலிக்காமல் வைக்கலாம். பக்கத்தில் இழுத்துத் திறக்கும் கதவு இருப்பதால் குறுகிய சந்தில், கோயில் மதிலோரம் நிறுத்தியும் இறக்க முடிகிறது. பின்கதவில்தான் யோசிக்க வேண்டும். இரட்டைக் கதவு என்றால் முழுக்கத் திறந்து அண்டாவுக்கு நெருங்கிப் போகலாம். மேலே தூக்கும் கதவு என்றால் அது மழைக்குக் குடையாகும். கிழக்குக் கரை மழையில் இருக்கிற நான் தூக்கும் கதவை எடுத்தேன், வருத்தமில்லை. மழை குறைந்த மேற்கே சேன்-போல் பக்கம் இருப்பவர்களுக்கு இரட்டைக் கதவே நல்லது.

கேஸ் உருளையைப் பற்றி ஒரு வார்த்தை, இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். நிமிர்த்தி வைத்து வாரால் கட்டுங்கள், வால்வை மூடுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விடுங்கள், வேலை முடிந்ததும் அன்றே இறக்கி வையுங்கள். அடைத்த வேனில் கேஸ் கசிந்தால் அது கீழே தங்கும், தானாக வெளியே போகாது. அப்புறம், சரக்குக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு கம்பித் தடுப்பு கட்டாயம் வேண்டும்.

சரி, ஏன் டீசல்? இந்தத் தீவின் சாலைதான் காரணம். சேன்-பெனுவாவிலிருந்து சேன்-பியேருக்கு நடு மலை வழியாகப் போகிற மூன்றாம் எண் தேசியச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்தில் கிளம்பி, பிளேன் தே பால்மிஸ்த் ஊரைத் தாண்டி, பெல்வ்யூ கணவாயில் 1,600 மீட்டர் உயரத்துக்கு ஏறி, மறுபக்கம் மீண்டும் கடலுக்கு இறங்க வேண்டும். பின்னால் 400 கிலோவோடு இந்த ஏற்றத்தில் தெரியும் டீசலின் குணம். 1.5 லிட்டர் டர்போ டீசல், 90 குதிரைத்திறன் என்றால் கேட்பதற்குச் சிறிதுதான். ஆனால் நிமிடத்துக்கு 1,800 சுற்றுக்கு முன்பே முழு இழுவையும் கைக்கு வந்துவிடுகிறது. மூன்றாம் கியரில் முனகாமல் ஏறும். டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் இன்ஜினை அதே இழுவைக்கு அலறவிட வேண்டியிருக்கும். எனக்குச் சராசரியாக 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் ஆகிறது. சுமையோடு மலை ஏறுகிற நாட்களில் 8-ஐத் தொடும். மாதந்தோறும் அரசு பெட்ரோல், டீசல் விலைக்கு உச்சவரம்பு வைக்கிற ஊர் இது. ஆகையால் எந்த பெட்ரோல் பங்கில் மலிவு என்று அலைவதில் லாபமில்லை, குறைவாகக் குடிக்கிற வண்டியில்தான் லாபம்.

இறக்கம் வேறு கதை. சிலாவோஸ் மலை ஊருக்குப் போகிற சாலையில் நானூறுக்கும் மேல் வளைவு என்பார்கள். அங்கே ஒரு வண்டி மட்டும் நுழைகிற சுரங்கவழிகளும் உண்டு. உடல் குறுகலான இந்த வேன் அங்கே நிம்மதி தரும். ஆனால் சுமையோடு இறங்கும்போது பிரேக்கையே நம்பிப் போனால் பாதி வழியில் சக்கரத்திலிருந்து கருகிய வாடை வரும். எனக்கு முதல் வருஷம் வந்தது. ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் இறங்கினேன். அதிலிருந்து இரண்டாம் கியரிலேயே இறங்குகிறேன், பின்னால் வருகிறவர் ஹார்ன் அடித்தாலும் சரி.

இப்போது குறை. இதை மறைத்தால் நான் இங்கே வந்ததற்கே அர்த்தமில்லை. யூரோ 5 என்ற ஐரோப்பிய வாகனப் புகை விதி வந்த காலத்திலிருந்து, அதாவது சுமார் 2011 முதல், புது டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அதில் சேர்கிற கரியை வண்டி தானே எரித்துக்கொள்ளும். அதற்கு வடிகட்டிக்குள்ளே ஏறத்தாழ 600 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூடு வர, வண்டி நிற்காமல் நல்ல வேகத்தில் கால் மணி நேரமாவது ஓட வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, சந்தைக்குப் போய், வீட்டுக்கு வந்தால் இன்ஜின் சூடாவதற்குள் நிறுத்திவிடுவோம். கரி எரியாது, சேரும். எரிக்கப் பார்த்துப் பாதியில் நின்றால், அதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் இன்ஜின் எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். இன்ஜினுக்கே அது கெடுதல்.

கொரோனா ஊரடங்கில் விருந்தே இல்லாமல் போனபோது எனக்கு இதுதான் நடந்தது. வாரத்துக்கு இரண்டு தரம் கடைக்கு மட்டும் போய் வந்தேன். ஓட்டுநர் முன்னால் இருக்கிற எச்சரிக்கை விளக்கு எரிந்தது, வண்டி இழுவையை இழந்தது. வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்த செலவு ஒரு சின்னக் கல்யாணத்தில் எனக்குக் கிடைக்கிற கூலி. வண்டியின் மேல் தப்பு இல்லை, அதற்குரிய ஓட்டத்தை நான் கொடுக்கவில்லை. இப்போது வேலை இல்லாத வாரத்திலும் ஒரு நாள் தலைநகர் சேன்-தெனிக்குப் போகும் நாலுவழிச் சாலையில், போக்குவரத்து குறைந்த நேரம் பார்த்து, நான்காம் கியரில் இருபது நிமிஷம் ஓட்டுகிறேன்.

அதனால் சேன்-தெனி நகருக்குள்ளேயே பூ, பலகாரம் கொண்டு போய்க் கொடுக்கிறவர் டீசல் வாங்கக் கூடாது என்பது என் திடமான கருத்து. அவர்களுக்கு மின்சார வேனோ பெட்ரோலோ போதும். மலை ஏறுகிறவருக்கும், சுமை இழுக்கிறவருக்கும், ஒரே நாளில் தீவைச் சுற்றுகிறவருக்கும்தான் டீசல்.

இனி அம்மா. எண்பது வயதை நெருங்குகிறார். காரில் குனிந்து இறங்க வேண்டும், ஜீப்பில் ஏற வேண்டும். இதில் நேராக உட்கார்ந்து நேராக எழுந்திருக்கிறார். கூரை உயரம் என்பதால் தலையில் வைத்த பூ நசுங்குவதில்லை. காவடி நாட்களில் பத்து நாள் விரதம் இருந்து களைத்தவர்களையும் இதில்தான் வீட்டுக்குக் கூட்டி வருகிறேன். சத்தம் இருக்கிறது, மறுக்கவில்லை. சுமையில்லாமல் ஓட்டினால் பின்பக்கம் குதிக்கும், சுமை ஏறினால் அமைதியாகும். 2022-இல் திறந்த புதிய கரையோரச் சாலையின் கடல் பாலத்தில் காற்று வீசும் நாளில் வெறும் வேன் பக்கவாட்டில் தள்ளும்; இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, வேகத்தைக் குறையுங்கள்.

இருவர் இருக்கை சரக்கு வேன் தொழில் பெயரில் வாங்கினால் 8.5 சதவீத மதிப்புக் கூட்டு வரியைத் திரும்பப் பெற வழி இருக்கிறது, ஐந்து இருக்கை வண்டிக்கு பொதுவாக இல்லை. அம்மாவுக்காக நான் அதை விட்டேன். சரக்கு வகை என்றால் நாலாம் வருஷம் தொடங்கி இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை செய்கிற தொழில்நுட்பச் சோதனையோடு, நடுவில் வருகிற வருஷத்தில் புகைச் சோதனையும் உண்டு. அதையும் கணக்கில் வையுங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள். முன்கூட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். எண்ணெய் மாற்றிய ரசீதுகளைக் கேளுங்கள். கீழே படுத்துத் துருவைப் பாருங்கள், கடல் உப்பு நம் ஊரில் யாரையும் விடுவதில்லை. அப்புறம், உங்கள் பெரிய அண்டாவைக் கையோடு எடுத்துப் போங்கள். நான் அப்படித்தான் போனேன். முதலில் பார்த்த வண்டியில் உள்ளே இடம் தாராளம், ஆனால் அண்டாவின் விளிம்பு பின்கதவில் இரண்டு விரல் இடித்தது. இரண்டாவது வண்டியில் நேராக உள்ளே போனது. அதைத்தான் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வணக்கம்.