படலையைத் திறந்து போங்கள்

சபையோர் எல்லோருக்கும் மாலை வணக்கம்.

இலண்டன் ஹரோவில் வந்து குடியேறிப் பதினொரு வருடம் கழிந்த பிறகுதான், நகருக்கு வடமேற்கே உள்ள சில்ட்டர்ன் மலைகளுக்கு நான் முதன்முதலாகப் போனேன். வென்டோவர் நிலையத்தில் இறங்கி, கடைத்தெருவைத் தாண்டி நடந்தேன். ஒரு வயல் ஓரத்தில் மரப் படலை ஒன்று மூடிக் கிடந்தது. அப்பால் செம்மறிகள் மேய்ந்துகொண்டிருந்தன. யாரோ ஒருவருடைய காணி. உள்ளே போகலாமா, போனால் ஏசுவார்களா, நாயை அவிழ்த்து விடுவார்களா என்று யோசித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பின்னால் கைத்தடியோடு ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும். படலையைத் திறந்தார். தான் மட்டும் போகவில்லை. நான் வரும் வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தப் படலைத் தூணில் சின்னதாக ஒரு மஞ்சள் அம்புக்குறி அடித்திருந்தது. அதற்கு என்ன பொருள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பதினொரு வருடத்தை இலண்டனுக்குள்ளேயே கழித்திருக்க மாட்டேன். அந்த அம்புக்குறியைப் பற்றிச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

மஞ்சள் அம்பு என்றால் பொது நடைபாதை. நிலம் ஒருவருக்குச் சொந்தம், அதற்கு மேலால் நடந்து போகும் உரிமை எல்லோருக்கும் சொந்தம். காணிக்காரர் மனம் இரங்கி விடும் அனுமதி என்று இதை நினைக்காதீர்கள். சட்டத்தில் உள்ள உரிமை இது. வரைபடத்தில் கோடு போட்டிருக்கிறது. பயிர் விதைத்தாலும் வழி விட்டுத்தான் விதைக்க வேண்டும். நடப்பவர் எந்த நாட்டுக்காரர், கையில் என்ன விசா என்று அந்தப் பாதையில் யாரும் கேட்க முடியாது. நீல அம்பு என்றால் குதிரைப்பாதை. அதில் நடக்கலாம், குதிரையில் போகலாம். 1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு சைக்கிளிலும் போகலாம். ஆனால் நடந்து வருபவருக்கும் குதிரைக்கும் சைக்கிள்காரர்தான் வழி விட வேண்டும்.

இதில் என்னைக் கவர்ந்த விஷயம் ஒன்று உண்டு. ஒரு வழியை மக்கள் 20 ஆண்டுகள் தடையில்லாமல், ஒளிவு மறைவில்லாமல், யாரிடமும் அனுமதி கேளாமல் பயன்படுத்தி வந்தால், அது பொதுவழி என்று சட்டம் கருத இடமுண்டு. நடந்த காலே அங்கே உறுதிப் பத்திரம்.

வென்டோவரிலிருந்து கூம் ஹில் என்ற 260 மீட்டர் உயர மேட்டில் ஏறினால் அய்ல்ஸ்பரி சமவெளி முழுவதும் காலடியில் விரியும். அங்கிருந்து ரிட்ஜ்வே என்ற நெடும்பாதையைப் பிடித்துத் தெற்கே நடந்தால் செக்கர்ஸ் என்ற மாளிகையின் எல்லைக்குள் போவீர்கள். பிரித்தானியப் பிரதமரின் நாட்டுப்புற வீடு அது. பாதை அவருடைய வாசல் சாலையையே குறுக்கே கடந்து போகிறது. சுற்றிலும் கமராக்கள் இருக்கின்றன, அறிவிப்புப் பலகைகள் இருக்கின்றன. ஆனால் பாதையை அவர் நினைத்தபடி மூட முடியாது. சேற்றுச் சப்பாத்தோடு பிரதமரின் வாசலைக் கடந்துபோன அன்றைக்கு, இந்த நாட்டைப் பற்றி எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தராத ஒன்று விளங்கியது.

இதெல்லாம் தானாகக் கிடைத்ததில்லை. பேர்க்கம்ஸ்டெட் என்ற ஊரைப் பலர் ரயிலில் கடந்திருப்பீர்கள். அதற்கு மேலே ஒரு பெரிய பொதுநிலம். ஊர்ச் சனங்கள் தலைமுறை தலைமுறையாக மாடு ஆடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் வந்த இடம். 1866இல் ஆஷ்ரிட்ஜ் மாளிகைப் பிரபு பிரவுன்லோ அதன் நடுப்பகுதியை இரும்பு வேலி போட்டு அடைத்தார். எதிர்க்க நின்றவர் அந்த ஊர் நிலக்காரர் ஒகஸ்டஸ் சிமித் என்பவர். மார்ச் 6ஆம் திகதி நள்ளிரவு தாண்டி, அவர் தரப்பு ஏற்பாடு செய்த தனி ரயில் ஒன்று இலண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து புறப்பட்டது. உள்ளே நூறுக்கும் மேற்பட்ட கூலித் தொழிலாளர்கள், கையில் கடப்பாரையும் சுத்தியலும். ட்ரிங் நிலையத்தில் இறங்கி இருட்டில் மேடேறி நடந்தார்கள். விடியும்போது வேலி முழுவதும் கழன்று, ஒழுங்காக அடுக்கிக் கிடந்தது. காலையில் செய்தி கேட்டு ஊரே திரண்டு மேலே வந்தது.

பிரபு வழக்குப் போட்டார். வழக்கு முடியும் முன்பே அவர் இறந்துபோனார். சிமித் தான் போட்ட எதிர்வழக்கை விடாமல் நடத்தி 1870இல் வென்றார். அவருக்குத் துணை நின்றது பொதுநிலங்களைக் காக்க 1865இல் தொடங்கிய சங்கம். அதன் சட்டத்தரணியாகப் பிறகு பணியாற்றிய ரொபர்ட் ஹன்டர்தான் 1895இல் மற்ற இருவரோடு சேர்ந்து, இயற்கை இடங்களையும் பழைய கட்டடங்களையும் காக்கும் நஷனல் டிரஸ்டை நிறுவினார். அன்றைக்கு வேலி போட்ட பிரபுவின் ஆஷ்ரிட்ஜ் காடுகளில் பெரும்பகுதி இன்றைக்கு அந்த அமைப்பின் கையில் இருக்கிறது. அன்றைய இரவு ரயிலில் வந்த தொழிலாளர்களின் பெயர்கள் எங்கும் எழுதி வைத்ததாக நான் காணவில்லை. ஆஷ்ரிட்ஜில் நடக்கும்போதெல்லாம் அவர்களை நினைப்பேன்.

மலை என்று சொல்கிறேனே, என்ன மலை இது? பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதிய வெண்கட்டி ஞாபகம் இருக்கிறதா? அதுதான் கல். கோரிங்கில் தேம்ஸ் கரையில் தொடங்கி ஹிச்சின் வரைக்கும் நீளும் வெண்கட்டி மேடு இது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் இங்கே வெதுவெதுப்பான கடல் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் சுண்ணாம்பு ஓடுகள் அடியில் படிந்து படிந்து நூற்றுக்கணக்கான மீட்டர் தடிப்பாயின. மழை விழுந்தால் இந்தக் கல் குடித்துவிடும். அதனால் மேட்டில் ஆறும் இல்லை, குளமும் அரிது. யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. நம்முடையது வேறு வயதுச் சுண்ணாம்புக்கல், ஆனால் கதை ஒன்றுதான். வற்றாத ஆறு கிடையாது, தண்ணீர் முழுவதும் காலுக்குக் கீழே.

ஒக்ஸ்போர்ட்ஷயரில் ஸ்டோக் ரோ என்ற சிற்றூருக்குக் கட்டாயம் சைக்கிளில் போங்கள். கோயில் கும்பம் போல ஒரு குவிமாடமும், அதற்குக் கீழே பொன்னிற யானை ஒன்றும் தெரியும். அது ஒரு கிணறு. அந்தப் பக்கத்தைச் சேர்ந்த எட்வர்ட் ரீட் என்பவர் இந்தியாவில் அதிகாரியாக இருந்தார். வீட்டில் மிஞ்சியிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டான் என்று தாய் தன் பிள்ளையை அடித்த கதையை அவர் காசி மகாராஜாவிடம் சொல்லியிருக்கிறார். மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங் அதை மறக்கவில்லை. தன் பணத்தில் இங்கே கிணறு தோண்டிக் கொடுத்தார். 1864இல் திறந்தார்கள். நான்கடி அகலம், 368 அடி ஆழம், முழுவதும் கையால் தோண்டியது. இலண்டன் சென்ட் போல்ஸ் தேவாலயத்தைத் தலைகீழாக இறக்கினாலும் அடி தட்டாது. ஒரு வாளி மேலே வரப் பத்து நிமிடம் சுற்ற வேண்டும். அந்த ஊர் எழுபது ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவிலிருந்து வந்த காசில் வெட்டிய கிணற்றில் தண்ணீர் குடித்தது. அங்கே நின்றபோது நான் வெகுநேரம் பேசவில்லை. பிரித்தானியா நமக்கு என்ன செய்தது, நாம் அவர்களுக்கு என்ன செய்தோம் என்ற கணக்கில் இந்தக் கிணற்றை யாரும் சேர்ப்பதில்லை.

கல் குடித்த தண்ணீர் பள்ளத்தாக்குகளில் ஊற்றாக வெளியே வருகிறது. வெண்கட்டி ஓடைகள் என்கிறார்கள். கண்ணாடி போலத் தெளிவு, கோடையிலும் குளிர்ச்சி. உலகில் உள்ள இவ்வகை ஓடைகளில் பெரும்பான்மை இங்கிலாந்தில்தான். செஷாமிலிருந்து ரிக்மன்ஸ்வர்த் வரைக்கும் செஸ் ஆற்றங்கரையில் பத்து மைல் நடக்கலாம். தொடங்கும் ஊரிலும் முடியும் ஊரிலும் மெட்ரோபொலிட்டன் பாதை ரயில் உண்டு. நிலத்தடி நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்ததால் அதன் தலைப்பகுதி வறண்ட காலங்களும் உண்டு. நம் வீட்டுக் கேத்திலில் படியும் வெள்ளைப் பொருக்கு இந்த வெண்கட்டிதான். குழாயைத் திறக்கும்போது அந்த ஆற்றை ஒருதரம் நினையுங்கள் என்று கேட்கிறேன். பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

காட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலும் பீச் மரங்கள். யானைக்கால் போல வழவழத்த சாம்பல் நிற அடிமரம். கோடையில் கீழே வெயில் விழாது, அதனால் புதர் மண்டாது. ஏப்ரல் கடைசியில், மேலே இலை மூடும் முன், புளூபெல் பூக்கள் தரை முழுவதும் நீலமாகப் பூத்து முடித்துவிடும். ஆஷ்ரிட்ஜின் டொக்கி வூட்டில் அதைப் பாருங்கள். படம் எடுக்கவென்று பூவுக்குள் கால் வைக்காதீர்கள். மிதிபட்ட செடி மீண்டு வர வருடங்கள் பிடிக்கும். அண்ணாந்து பார்த்தால் பிளந்த வாலோடு பெரிய பருந்துகள் வட்டமிடும். இங்கிலாந்தில் அற்றுப்போன இனம் அது. 1989 முதல் 1994 வரை ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இந்த மலைகளில் விட்டார்கள். அவையும் இங்கே வந்து குடியேறியவைதான்.

சைக்கிள்காரருக்கு: நாம் சைக்கிள் ஓடி வளர்ந்த சனம். பள்ளிக்கூடம், சந்தை, கோயில், எல்லாம் சைக்கிளில்தான். இங்கே வந்து அதை ஏன் விட்டோம்? சில்ட்டர்னைச் சுற்றி 170 மைல் சைக்கிள் பாதை ஒன்று உண்டு, பெரும்பாலும் அமைதியான கிராமத் தெருக்கள். ரிட்ஜ்வேயில் இந்த மலைப்பகுதியின் பல துண்டுகள் நடைபாதை மட்டுமே, அங்கே சைக்கிளை இறக்காதீர்கள். வெண்கட்டிக்குள் தீக்கல் இருக்கிறது. உடைந்தால் கத்தி. மெல்லிய டயரைக் கிழித்துவிடும். மழைக்குப் பிறகு வெண்கட்டி பாசி பிடித்த கிணற்றுக்கட்டு மாதிரி வழுக்கும். மேட்டு உச்சியில் உள்ள களிமண் சில்லு சுழலாதபடி அப்பிக்கொள்ளும். முதல் மாரியில் நான் நான்கு மைல் சைக்கிளைத் தூக்காத குறையாகத் தள்ளி வந்தேன். தடித்த டயர் போடுங்கள், இரண்டு டியூப் கொண்டுபோங்கள், மே முதல் செப்டெம்பர் வரைக்கும் போங்கள்.

வரைபடம் வாங்குவதென்றால் ஓர்ட்னன்ஸ் சர்வேயின் செம்மஞ்சள் அட்டை எக்ஸ்புளோரர் வரைபடம். பச்சையில் குட்டைக் கோடுகள் நடைபாதை, நீளக் கோடுகள் குதிரைப்பாதை. எங்காவது பாதையை முள்ளுக்கம்பி போட்டு அடைத்திருந்தால் படம் எடுத்து, அந்தப் பகுதியில் பாதைகளுக்குப் பொறுப்பான கவுன்சிலுக்கு எழுதுங்கள். நான் இரண்டு முறை எழுதியிருக்கிறேன். ஒரு முறை கம்பி போனது. மற்றதுக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வருகிற ஞாயிறு காலை எட்டரைக்கு ஹரோ-ஒன்-த-ஹில் நிலையத்தில் நிற்பேன். வென்டோவருக்கு நேரே ரயில் இருக்கிறது. பழைய சப்பாத்து போதும், புதிது வாங்க வேண்டாம். தோசையும் சம்பலும் நான் கொண்டுவருகிறேன், தேத்தண்ணீரை நீங்கள் கொண்டுவாருங்கள். அந்த முதல் படலையை உங்களில் ஒருவர் திறக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.