வளைந்த பின்னை நிமிர்த்தலாம்

நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு கல்லூரிப் பையன் வந்தான். கைக்குட்டைக்குள் ஒரு பிராசசர், கம்ப்யூட்டரின் மூளை மாதிரியான பாகம். “அண்ணாச்சி, ஃபேனைக் கழட்டுனேன். கூடவே இதுவும் பிடுங்கிட்டு வந்துட்டு. கீழ விழுந்து பின்னெல்லாம் சாஞ்சு போச்சு. இனி குப்பையிலதானா?” என்றான். முகம் வாடிப்போயிருந்தது. அவன் அப்பா நெல் விற்ற காசில் வாங்கிக் கொடுத்த சிஸ்டம் அது.

குப்பையில் போட வேண்டாம். இதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

அவன் கொண்டு வந்தது ஏஎம்டி கம்பெனியின் ஏஎம்4 வகை. நாலு சென்டிமீட்டர் சதுரத்துக்கு அடியில் ஊசி மாதிரி 1331 பின்கள். பிராசசருக்கும், அதன் மேல் ஃபேனோடு உட்கார்ந்து சூட்டை இழுக்கும் உலோகக் கட்டியான ஹீட்சிங்குக்கும் நடுவே ஒரு பேஸ்ட் தடவுவார்கள், சூடு கடந்து போவதற்காக. நாள்பட்டால் அது இறுகிப் பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். பின்கள் இறங்கி உட்காரும் சாக்கெட்டின் லீவர் பூட்டியிருந்தாலும், நேராக மேலே இழுத்தால் பிராசசரும் கூடவே பிய்த்துக்கொண்டு வந்துவிடும். என்னிடம் வரும் வளைந்த பின் கேஸ்களில் பாதிக்கு மேல் இப்படி வந்தவைதான்.

அதனால் கழற்றுவதற்கு முன் சிஸ்டத்தைப் பத்து நிமிஷம் ஓட விடுங்கள். பேஸ்ட் இளகும். பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, ஸ்குரூவைக் கழற்றி, ஹீட்சிங்கை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகுங்கள். பிடி விட்டது கைக்கே தெரியும். அப்புறம் தூக்குங்கள்.

சரி, வளைந்தே விட்டது என்றால்? முதலில் ஒரு இரும்புப் பொருளைத் தொட்டு உடம்பில் உள்ள ஸ்டாட்டிக் மின்சாரத்தை இறக்கிவிடுங்கள். நல்ல வெளிச்சமும் ஒரு பூதக்கண்ணாடியும் வேண்டும். டவுன் ரத வீதியில் வாட்ச் ரிப்பேர் பார்த்த ஒரு பெரியவர்தான் எனக்குக் கண்ணில் லென்ஸ் வைத்து வேலை பார்க்கக் கற்றுக்கொடுத்தார். “கண்ணு பார்க்கிற வேகத்துக்குத்தான் கை போகணும்” என்பார். லெட் போட்டு எழுதும் பென்சில் இருக்கிறதே, அதன் லெட்டை எடுத்துவிட்டால் இரும்பு முனையில் ஒரு சிறு ஓட்டை இருக்கும். அதைப் பின்னின் மேல் செருகி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தலாம். ஒரு வரிசையே சாய்ந்திருந்தால் மெல்லிய பிளேடை வரிசைகளுக்கு நடுவே விட்டு நகர்த்தலாம். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டக் கூடாது. இரண்டு மூன்று தடவை வளைந்தால் உலோகம் அலுத்து ஒடிந்துவிடும்.

நேராகிவிட்டதா என்பதைச் சாக்கெட்டே சொல்லும். லீவரைத் தூக்கி வைத்துவிட்டு, மூலையில் உள்ள முக்கோணக் குறி பார்த்து வைத்தால் தன் எடையிலேயே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அழுத்தாதீர்கள், திரும்ப எடுத்துப் பாருங்கள்.

இன்டெல் பிராசசர்களில் கதை வேறு. 2004-லிருந்தே மேசைக் கணினிகளுக்கு வருபவற்றில் பின்கள் மதர்போர்டில், அதாவது பாகங்கள் எல்லாம் பொருந்தும் பலகையில், உள்ள சாக்கெட்டில்தான் இருக்கின்றன, பிராசசரில் தங்கப் பொட்டுகள் மட்டும். 2022-ல் வந்த ஏஎம்டியின் ஏஎம்5-உம் அப்படியே. அந்தப் பின்கள் தலைமுடி போன்ற ஸ்பிரிங்குகள், அவற்றை வீட்டில் தொட வேண்டாம். சாக்கெட்டை மூடி வந்த பிளாஸ்டிக் மூடியை மட்டும் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள். போர்டைச் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது அதுதான் கவசம்.

பிராசசரைத் தெர்மாகோலில் குத்தி வைக்கும் பழக்கமும் நம் பக்கம் இருக்கிறது. அதில் ஸ்டாட்டிக் சேரும், வேண்டாம்.

2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது நனைந்த சிஸ்டங்கள் கடையில் குவிந்தன. பல போர்டுகள் பச்சை பூத்துப் போயின. ஆனால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி நன்றாகக் காயவைத்த பிராசசர்களில் பெரும்பாலானவை வேறு போர்டில் ஓடின. உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லு உடைந்தால்தான் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அந்தப் பையனின் பிராசசரில் பதினான்கு பின் சாய்ந்திருந்தது. பதிமூன்று நிமிர்ந்தது, ஒன்று கையோடு வந்துவிட்டது. பின் வரைபடத்தைப் பார்த்தோம். அது கிரவுண்ட் பின், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வழி. அந்த வேலைக்கு இன்னும் நூற்றுக்கணக்கான பின்கள் இருக்கின்றன. போர்டில் வைத்து சுவிட்சைப் போட்டோம், திரை வந்தது. மூன்று மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தனுப்பினேன். கைக்குட்டையில் சுற்றாமல், பழைய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் வைத்து.