கங்கா ஸ்நானம் ஆயிற்றா?

(மேற்கு மாம்பலத்தில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. நினைவிலிருந்து எழுதுகிறேன். கைதட்டலை விட்டுவிட்டேன், என் இருமலையும்.)

பெருமதிப்புக்குரிய அவைத் தலைவர் அவர்களே, இடமும் கொடுத்து மின்விசிறியும் கொடுத்த நூலகர் அம்மையார் அவர்களே, இந்த மழையிலும் வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, எனக்கு முன்பு நாற்பது நிமிடம் வாழ்த்திய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் வணிகப் பெருமக்களே, பின்னால் இடமில்லாமல் நின்றுகொண்டிருக்கும் நண்பர்களே! நிற்பவர்களைத் தனியாக விளித்ததற்குக் காரணம் இருக்கிறது.

பொன்னாடைக்கு நன்றி. இருபத்தொன்பது வருடம் தியாகராய நகரில் துணி விற்றவன் நான். தோளில் விழுந்தவுடனேயே விலை தெரிந்துவிட்டது. சொல்ல மாட்டேன்.

பண்டிகை நாளில் கடைகளைத் திறக்கலாமா என்பது தலைப்பு. வியாபாரம், சட்டம், குடும்பம் என்று மூன்றாகப் பிரித்துப் பேசுவதாக உத்தேசம். 'ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்பார்கள். எந்த மேடையானாலும் இதை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன் என்று என் மனைவிக்குக் குறை. இன்று ஒரு தடவையோடு நிற்காது.

முதலில் வியாபாரம். தீபாவளி வியாபாரம் தீபாவளியன்று நடப்பதில்லை. போனஸ் கைக்கு வந்த வாரத்தில் சூடு பிடித்து, முந்தின இரவு ரங்கநாதன் தெருவில் தூக்கிய காலைத் திரும்ப வைக்க இடமில்லாத அளவுக்குப் போய், விடிந்தால் அடங்கிவிடுகிறது. அன்று காலை அந்தத் தெருவில் கிடப்பது பட்டாசுக் காகிதமும் அறுந்த செருப்பும்தான். இணையத்தில் இருபத்து நான்கு மணி நேரமும் விற்கிறார்களே, நாங்கள் மட்டும் மூட வேண்டுமா என்று முன்வரிசையில் ஒருவர் வரும்போதே கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த இடத்தில் ஒரு சம்பவம். 1987 அல்லது 88. நான் வேலை பார்த்த கடையின் முதலாளிக்கு அந்த வருடம் ஒரு யோசனை வந்தது. தீபாவளியன்றும் பகல் ஒரு மணி வரை திறந்து வைத்தால், தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைகள் அளவு சரியில்லாத சட்டையை மாற்ற வருவார்கள், வந்த கையோடு இன்னொன்று வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டார். முந்தின இரவு ஷட்டர் இறங்கும்போது மணி பன்னிரண்டே முக்கால். ஷட்டர் இறங்கினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். வாடிக்கையாளர் பிரித்துப் போட்ட புடவை ஒவ்வொன்றையும் பழைய மடிப்பிலேயே மடித்து அடுக்க வேண்டும். மடிப்பு ஒரு விரல் தவறினால் பட்டில் கோடு விழும். படுக்கும்போது மூன்று மணி. நாற்பது பேருக்கு ஒரு குழாய் உள்ள விடுதி. எண்ணெய்க் குளியலாவது, சீயக்காயாவது! முகத்தைக் கழுவிக்கொண்டு ஏழு மணிக்குக் கடையில் நின்றோம்.

பத்து மணி வரை மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் நூறு ரூபாய்க்குச் சில்லறை கேட்டார். ஒருவர் மழைக்கு ஒதுங்கினார். மூன்றாவதாக வந்தது முதலாளியின் தாயார்.

கையில் தூக்கு, தூக்கில் லேகியம். "எண்ணெய் வைத்து உட்கார வேண்டிய பிள்ளை எங்கே என்று பார்த்தால் இங்கே இருக்கிறாயா?" என்று மகனைப் பார்த்து ஆரம்பித்தவர், எங்கள் பக்கம் திரும்பினார். நம் ஊரில் அன்று காலை யாரும் யாரையும் கேட்கிற கேள்விதானே! "கங்கா ஸ்நானம் ஆயிற்றா?" என்று என்னைக் கேட்டார். நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் பில் புத்தகத்தைப் பார்த்தார். அடுத்தவனைக் கேட்டார். அவன் மதுரைப் பக்கத்துப் பையன், விவரம் போதாது, "ஆகவில்லை பாட்டி, குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது" என்று சொல்லிவிட்டான். வேட்டிப் பிரிவில் தொடங்கி ரவிக்கைத் துணி வரை பதினேழு பேரையும் கேட்டார். பதினேழு பேரும் இல்லை. அந்த அம்மாளுக்குக் கால் வலித்திருக்க வேண்டும், உட்கார இடம் தேடினார். அவ்வளவு பெரிய கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒரே ஒரு நாற்காலி, அதில் மகன்! "இவர்களெல்லாம் எங்கேடா உட்காருவார்கள்?" என்றார். முதலாளி சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது: "வியாபார நேரத்தில் உட்காருவதில்லையம்மா."

அந்த அம்மாள் தூக்கைத் திறந்து பதினேழு பேர் உள்ளங்கையிலும் லேகியத்தை உருட்டி வைத்தார். "ஷட்டரை இறக்கு" என்றார். பத்தே முக்காலுக்கு இறங்கிவிட்டது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்ப்பது என்றால் அதுதான். அடுத்த வருடம் அந்த அம்மாள் இல்லை. கடை மூன்று மணி வரை திறந்திருந்தது.

சட்டத்துக்கு வருகிறேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், வேகமாகச் சொல்கிறேன். 1947-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டம் வாரம் ஒரு நாள் கடையை மூடச் சொன்னது. 1958-இல் வந்த இன்னொரு சட்டம் நான்கு தேசிய விடுமுறையும் ஐந்து பண்டிகை விடுமுறையும் தொழிலாளிக்கு உண்டு என்கிறது. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு மாற்று விடுப்பு. 2019-இல் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் ஆண்டு முழுவதும் இரவு பகலாகத் திறந்திருக்கலாம் என்று அரசு அனுமதித்தது. 2022-இல் அது நீட்டிக்கப்பட்டது. கடை திறந்திருக்கலாம், ஆனால் ஆளுக்கு வார விடுப்பும் எட்டு மணி நேர வேலையும் உண்டு என்பது அதற்கு நிபந்தனை. திறக்கலாம் என்ற வரி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நிபந்தனையைப் படித்த மேலாளரை நான் இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் 2004-இல் ஒரு சட்டம் போட்டார்கள். 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடை கிறிஸ்துமஸ் அன்று திறக்கக் கூடாது, சிறிய கடை திறக்கலாம். எனக்குப் பிடித்தது அந்த அளவுகோல்தான். பொங்கலன்று காலையில் பூக்கடையை மூடச் சொல்வேனா? மருந்துக்கடையை, பால் பூத்தை மூடச் சொல்வேனா? முக்கில் இருக்கும் மளிகைக் கடைக்காரர் தன் கடையில் தானே உட்கார்ந்திருக்கிறார், அது அவர் இஷ்டம். ஐந்து மாடிக் கடையில் நிற்கிற பெண்ணுக்கு அந்த இஷ்டம் இல்லை. அமெரிக்காவிலும் நவம்பரில் நன்றி நவிலும் நாளன்று மாலையே கடை திறக்கும் போட்டி இருந்தது. 2020 பெருந்தொற்றில் வால்மார்ட், டார்கெட் போன்ற பெரிய கடைகள் அன்று மூடின. அடுத்த ஆண்டு டார்கெட், இனி அந்த நாளில் நிரந்தரமாக மூடுவோம் என்று அறிவித்தது. ஒரு நாள் மூடினால் வியாபாரம் முழுகிவிடும் என்று நம் வணிகப் பெருமக்களும் சொல்ல முடியாது. மே 5 வணிகர் தினத்துக்கு மூடுகிறீர்கள் அல்லவா? டாஸ்மாக் கூடத் திருவள்ளுவர் தினத்தில் மூடுகிறது. தீபாவளிக்கு அதுவும் மூடுவதில்லை என்பது வேறு கூட்டத்தில் பேச வேண்டியது.

பண்டிகையன்று மட்டும் மூடினால் போதுமா என்றால், போதாது. தென்காசிப் பெண் ஒருத்தி நள்ளிரவில் கடையை விட்டு இறங்கி, கிளாம்பாக்கம் போய், பஸ் பிடித்து, ஊர் சேரும்போது தீபாவளி பாதி முடிந்திருக்கும். மறுநாள் காலை ஒன்பதுக்கு இங்கே நிற்க வேண்டுமானால் வீட்டுத் திண்ணையில் பையை வைத்துவிட்டு அப்படியே திரும்ப வேண்டியதுதான். அவள்தான் உங்கள் குழந்தைக்குப் பாவாடை சட்டையை எடுத்து அளவு வைத்துப் பார்த்து, "கழுத்து இறுக்குகிறதா கண்ணு?" என்று கேட்டவள். ஊரார் பிள்ளைக்கு உடுத்திவிட்டாயிற்று. அவள் பிள்ளை தானே வளரும் என்று பழமொழி சொல்கிறது, பாட்டி வீட்டில்.

குடும்பம் என்ற மூன்றாவது தலைப்பைத் தொடுவதற்குள் 'இரண்டு நிமிடம்' என்று துண்டுச் சீட்டு வந்துவிட்டது. தலைமையாசிரியர் ஐயாவிடம் இந்தச் சீட்டு ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. ஆகவே வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். மேடைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருக்கிறதே, அது நான் கொண்டு வந்தது. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றம் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லாத் தொழிலாளிக்கும் இருக்கை வேண்டும் என்கிறது அது. கேரளம் 2018-லேயே செய்தது, கடைப்பெண்கள் போராடி வாங்கியது. சட்டம் வந்த பிறகும் நான் கடை கடையாகப் போய்ப் பார்க்கிறேன். சில இடங்களில் ஸ்டூல் இருக்கிறது, மேலே புடவைக் கட்டு அடுக்கியிருக்கிறார்கள். சில இடங்களில் அதிலேறி உயரத்து ரேக்கில் துணி எடுக்கிறார்கள். உட்காருகிற பெண்ணை இரண்டே கடையில் பார்த்தேன். அதில் ஒருத்தி என்னைக் கண்காணிப்பாளர் என்று நினைத்து எழுந்துவிட்டாள். பத்து மணி நேரம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உடம்பை மாற்றி மாற்றி நின்றால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமானால், கூட்டம் முடிந்ததும் வேட்டியை முழங்கால் வரை தூக்கிக் காட்டுகிறேன். கெண்டைக்கால் நரம்பு திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும்.

தீபாவளி, பொங்கல் இரண்டுக்கும் பெரிய கடைகள் மூட வேண்டும், மறுநாள் மதியம்தான் திறக்க வேண்டும். மற்ற நாளெல்லாம் அந்த ஸ்டூல் வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தொழிலாளர் துறைக்கு ஒரு மனு தயாராக இருக்கிறது. இணையக் கேள்வி கேட்ட ஐயா மன்னிக்க வேண்டும், தேநீரின்போது பேசுவோம். மனு வாசலில் மேஜைமேல் இருக்கிறது. மாமன்ற உறுப்பினர் முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார், சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. போன கூட்டத்தில் நான்கு பேனா காணாமல் போயிற்று. இந்த முறை நூல் கட்டி வைத்திருக்கிறேன், இழுக்காதீர்கள்.