காரை ஓடையில் கிடக்கும் அம்மோனைட்

நண்பர்களே, சாளக்கிராமத்தைப் பூசையறையில் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அதில் தெரியும் சக்கரம் அம்மோனைட் என்ற, அழிந்துபோன ஒரு கடல் உயிரின் ஓடு. இமயமலை எழுவதற்கு முன் அங்கே இருந்த கடலின் பாறையைத்தான் கண்டகி ஆறு உருட்டிக்கொண்டு வருகிறது. அந்த அம்மோனைட்டின் உறவுகள் நம் பெரம்பலூர் மாவட்டம் காரையிலும் கிடக்கின்றன. 11 கோடி ஆண்டு முதல் 9 கோடி ஆண்டு வரையிலான கடற்சேறு அது.

பலரும் நத்தை என்கிறார்கள். இது கணவாய்க்குத்தான் சொந்தம். நத்தை ஓட்டை உடைத்தால் உள்ளே ஒரே குழல். அம்மோனைட்டை நடுவே அறுத்தால் அறை அறையாகத் தடுப்புச் சுவர். உயிர் இருந்தது கடைசி அறையில். வளர வளர முன்னே நகர்ந்து, பின்னால் ஒரு சுவர் எழுப்பிக்கொண்டது. எல்லாச் சுவரையும் துளைத்து ஓடும் மெல்லிய குழாய் அறைநீரை வெளியேற்றியது. அந்த இடத்தில் வாயு நிறைந்ததால் ஓடு மிதந்தது. அம்மோனைட்டில் இந்தக் குழாய் வெளி விளிம்பை ஒட்டிப் போகும். இன்றும் கடலில் வாழும் அதன் உறவான நாட்டிலஸில் சுவரின் நடுப்பகுதியில் போகும்.

இந்தத் துண்டைப் பாருங்கள். கொத்தமல்லி இலையின் விளிம்பு போல மடிந்து மடிந்து கோடுகள். ஓட்டின் மேல் இருந்த அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். தடுப்புச் சுவர் ஓட்டின் உட்புறத்தைத் தொட்ட தடம் அது. ஓடு உரிந்தால்தான் தெரியும். நாட்டிலஸில் அதே கோடு வழவழப்பான வளைவாக இருக்கும். இனம் காண முதலில் இதைப் பாருங்கள்.

1846இல் ஃபோர்ப்ஸ், பின்னர் ஸ்டோலிச்கா என்ற புதைபடிவ ஆய்வாளர்கள் தென்னிந்திய அம்மோனைட்டுகளை வரிசைப்படுத்தினார்கள். ஓர் இனம் குறுகிய காலமே வாழ்ந்து, கடல் கடந்து பரவியிருந்ததால், அதை வைத்துப் பாறையின் வயதைச் சொல்லலாம். ஆனால் எந்த அடுக்கில் இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். பெரிய தவறு நடப்பது இங்கேதான். மழைக்குக் காரைக் களிமண் கரைந்து, மேலடுக்குக் கல் ஓடைக்குள் உருண்டு, கீழடுக்குக் கல்லோடு கலந்துவிடும். ஓடையடியில் பொறுக்கியதை வைத்து வயது சொல்ல முடியாது. கரைச்சுவரில் பதிந்திருப்பதைத் தேடுங்கள். தொடுவதற்கு முன், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். ஊர், ஜிபிஎஸ் இடம், அடுக்கின் நிறம், அது ஓடையடியிலிருந்து எத்தனை அடி உயரம் என்பதை அங்கேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதினால் இரண்டு துண்டுகள் இடம் மாறிவிடும்.

சுத்தம் செய்ய எலுமிச்சைச் சாறு, வினிகர், ஆசிட் எதுவும் வேண்டாம். ஓடும் சுண்ணாம்பு, உள்ளே நிரம்பியிருப்பதும் பெரும்பாலும் சுண்ணாம்பு. அழுக்குக்கு முன்னால் கோடுகள் கரைந்துபோகும். தண்ணீரில் ஊறப்போடவும் வேண்டாம்: களிமண் உப்பி, துண்டு பிளந்துவிடும். காய்ந்த மென்மையான டூத்பிரஷ் போதும். உதிர்கிறது என்றால் அசிட்டோனில் 5 சதவீதம் பாராலாய்டு பி-72 என்ற ஒட்டும் பிசினைக் கரைத்து, ஜன்னலைத் திறந்துவைத்து, சொட்டுச் சொட்டாக விடுங்கள். பின்னாளில் அசிட்டோனாலேயே அதை எடுத்துவிடலாம். வார்னிஷ் பூசினால் அந்தப் பளபளப்பில் கொத்தமல்லிக் கோடு கண்ணுக்கே தெரியாது.