பொய்யென்று தெரிந்தும் படபடக்கும் நெஞ்சு

[திரையில்: மரப்பலகையின் விளிம்பில் இரண்டு பாதங்கள்]

ஆய்வகத் தரையில் ஒரு மரப்பலகை கிடக்கிறது. உயரம் ஒன்றரை அங்குலம். ஒருவர் அதன் விளிம்பில் நிற்கிறார். கால்விரல்கள் பலகையைத் தாண்டி நீட்டியிருக்கின்றன. ஆனால் அவர் தலையில் மாட்டியிருக்கும் கருவி வேறு காட்சியைக் காட்டுகிறது. காலடியில் பெரும்பள்ளம். அதன் அடியில் ஓர் அறை, நாற்காலி மேசைகளோடு.

தவறி விழுந்தாலும் ஒன்றரை அங்குலம்தான் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் இதயம் வேகமாகத் துடிக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில், சேப்பல் ஹில்லில் நடந்த ஆய்வு இது. 2002-இல் வெளியானது.

கயிற்றரவு என்று நம் தத்துவ நூல்கள் சொல்லும். இருட்டில் கயிறு பாம்பாகத் தெரிகிறது. விளக்கைக் கொண்டுவந்தால் பயம் போய்விடும். கணினி உருவாக்கிக் காட்டும் மெய்நிகர் உலகத்தில் நடப்பது அதற்கு நேர்மாறு. கயிறு என்று முதலிலேயே தெரியும், விளக்கும் எரிகிறது, ஆனால் பயம் போவதில்லை. சோதனை உளவியலுக்கு இந்தக் கருவி இவ்வளவு பயன்படுவதற்கு அடிப்படையே இதுதான்.

[திரையில்: கறுப்பு வெள்ளையில் ஒரு மின் கருவி, வரிசையாக 30 சுவிட்சுகள்]

இப்போது 1961-க்குப் போவோம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் ஒரு சோதனையைத் தொடங்கினார். அதிகாரத்தில் இருப்பவர் சொன்னால் மனிதர் எவ்வளவு தூரம் கீழ்ப்படிவார் என்பதே கேள்வி. வந்தவர்களுக்கு ஆசிரியர் வேடம். அடுத்த அறையில் மாணவர். ஒவ்வொரு தவறான விடைக்கும் மின்அதிர்ச்சி கொடுக்க வேண்டும். 15 வோல்ட்டில் தொடங்கி 450 வரை. மின்சாரம் உண்மையில் பாயவில்லை, மாணவராக இருந்தவர் நடித்தார். ஆனால் சுவிட்சை அழுத்தியவர்களுக்கு அது தெரியாது. 1963-இல் வெளியான முதல் கட்டுரையின்படி, 40 பேரில் 26 பேர் கடைசி சுவிட்ச் வரை போனார்கள். வியர்த்தார்கள், நடுங்கினார்கள், ஆனாலும் அழுத்தினார்கள்.

மனிதரைப் பற்றி இவ்வளவு முக்கியமான கேள்வியைக் கேட்ட சோதனையை அதே வடிவில் மறுபடி செய்ய முடியாமல் போயிற்று. ஒருவரை ஏமாற்றி, 'நான் ஓர் உயிரை வதைத்துவிட்டேன்' என்று நம்பவைப்பதை ஆய்வு நெறிமுறை இன்று ஏற்காது. ஏற்கவும் கூடாது.

[திரையில்: சுவர்களில் படம் விழும் சிறு அறை]

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் மெல் ஸ்லேட்டரும் அவர் குழுவினரும் வேறு வழி கண்டார்கள். அவர்களின் கட்டுரை 2006-இல் வெளியானது. சுவர்களில் படம் விழும் அறைக்குள், சிறப்புக் கண்ணாடி அணிந்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கைக்கு எட்டும் தூரத்தில் அதிர்ச்சிக் கருவி. எதிரே கணினி வரைந்த ஒரு பெண். அவள்தான் மாணவி. இங்கே ஏமாற்று இல்லை: அவள் உயிருள்ளவள் அல்ல, அவளுக்கு வலிக்காது என்பது வந்த எல்லோருக்கும் தெரியும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

மொத்தம் 34 பேர். 11 பேருக்கு அந்தப் பெண் தொடக்கத்தில் மட்டும் தென்பட்டாள். பிறகு அவள் விடைகள் வெறும் எழுத்தாக வந்தன. அந்த 11 பேரும் 20 அதிர்ச்சிகளையும் கொடுத்து முடித்தார்கள். மற்ற 23 பேர் அவளைப் பார்த்தார்கள், குரலைக் கேட்டார்கள். அதிர்ச்சி ஏற ஏற அவள் முனகினாள், மறுத்தாள், நிறுத்தச் சொன்னாள். இவர்களில் 6 பேர் பாதியில் எழுந்துவிட்டார்கள். நிறுத்திவிடலாமா என்று யோசித்ததாக ஏறக்குறைய பாதிப்பேர் பிறகு சொன்னார்கள். தோலில் ஊறும் வியர்வையையும் இதயத் துடிப்பையும் அளந்த கருவிகளும் அந்தத் தவிப்பைப் பதிவு செய்தன.

இந்த எண்களை மில்கிராமின் எண்களோடு ஒப்பிட்டு, 'மனிதன் மாறிவிட்டான்' என்றோ 'மாறவில்லை' என்றோ சொல்வது தவறு. கீழ்ப்படிதலை அளப்பது லண்டன் குழுவின் நோக்கம் அல்ல. பொய் உருவத்தின் முன் மனிதர் மெய்யான தவிப்பை அடைகிறாரா என்பதே கேள்வி. அடைகிறார்.

உளவியல் ஆய்வில் பழைய சிக்கல் ஒன்று உண்டு. தெருவில் ஆராய்ந்தால் வாழ்க்கை கிடைக்கும், ஆனால் எதுவும் நம் கட்டுப்பாட்டில் இருக்காது. ஆய்வகத்தில் ஆராய்ந்தால் கட்டுப்பாடு கிடைக்கும், வாழ்க்கை வெளியே நின்றுவிடும். நடிகரை வைத்தால், நூறாவது முறை அலறும்போது அவருக்குத் தொண்டை கட்டியிருக்கும். கணினிப் பெண் ஒவ்வொருவர் முன்பும் அதே நொடியில், அதே குரலில் கதறுவாள். அந்த அறையை அப்படியே வேறொரு நாட்டு ஆய்வகத்துக்கும் அனுப்பலாம். குறைகளும் உண்டு: சிலருக்குத் தலை சுற்றும், குமட்டும், சிலர் புதுமையில் மயங்கிவிடுவார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. உடல் மெய்யாகத் தவிக்கிறது என்றால், அந்தத் தவிப்புக்கு ஆய்வாளரே பொறுப்பு. 'எல்லாம் படம்தானே' என்று கைகழுவ முடியாது. முன்பே எடுத்துச் சொல்லி ஒப்புதல் வாங்குவதும், முடிந்தபின் உட்காரவைத்துப் பேசுவதும் இங்கேயும் அதே அளவு தேவை.

[திரையில்: ஐந்து சொற்கள், ஒன்று மட்டும் சற்றே பெரிதாகிறது]

ஸ்லேட்டர் உள்ளிட்ட குழு 2018-இல் இதே வகைச் சோதனை பற்றி இன்னொரு கட்டுரை வெளியிட்டது. சோதனையில் ஆசிரியர் ஒரு சொல்லைச் சொல்லி, அதற்கு இணையாகக் கூடிய நான்கு சொற்களை வாசிக்க வேண்டும். மாணவர் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த முறை வாசித்தவர்களின் குரலையும் ஆராய்ந்தார்கள். சரியான சொல் வரும்போது குரல் அழுத்தம் பெற்றிருந்தது. கூத்தில் வரி மறந்தவருக்குப் பக்கத்தில் நிற்பவர் அடி எடுத்துக் கொடுப்பாரே, அதைப்போல, வெறும் கணினி உருவத்துக்கு அவர்கள் விடையை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். விரல் சுவிட்சில் இருக்கும்போதே.