பணிப்பதிவேட்டோடு வாருங்கள்

(அரசு ஊழியர் சங்க வட்டக் கிளைப் பேரவையில், புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களை முன்வைத்துப் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, வணக்கம்.

குரூப் 4 எழுதித் தேறி வந்த பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. போன வாரம் உங்களில் ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "அண்ணே, சந்தா கட்டிட்டேன். வேற என்ன செய்யணும்?" இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் அலுவலகத்தில் ஒரு அலுவலக உதவியாளர் இருந்தார். ஓய்வுபெற ஆறு மாதம். அவருடைய ஓய்வூதியக் கருத்துரு சென்னையில் மாநிலக் கணக்காயர் அலுவலகம் வரை போய்த் திரும்பி வந்துவிட்டது. முதலில் வேலை பார்த்த ஊரில் நான்கு வருடப் பணிக்கு, நம் வேலை விவரமெல்லாம் ஏறும் பணிப்பதிவேட்டில் சரிபார்ப்புச் சான்று இல்லை. எழுத வேண்டிய எழுத்தர் எழுதவில்லை, பார்க்க வேண்டிய அதிகாரி பார்க்கவில்லை. மனிதர் யாரிடமும் சொல்லாமல் தினமும் எங்களுக்கு டீ வாங்கி வந்துகொண்டிருந்தார். ஒருநாள் தம்ளரை மேசையில் வைக்கும்போது கை நடுங்கியது. அப்போதுதான் கேட்டோம்.

எங்கள் கிளைப் பொருளாளர் தற்செயல் விடுப்புப் போட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். நானும் போனேன். அந்தப் பழைய அலுவலகத்தின் பதிவறையில், ஓரமெல்லாம் கரையான் அரித்த சம்பளப் பட்டியல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினோம். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல், மங்கிய நீல மையில் அவர் பெயர் கிடைத்தது. பக்கத்திலேயே, எழுதப் பழகாத கையால் போட்ட அவருடைய கையெழுத்து. அந்தத் தாளின் மேல் விரலை வைத்துக்கொண்டு அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. சங்கம் என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அதனால் முதலில் இதைச் சொல்கிறேன். உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லாத காலத்திலேயே கிளைக்கு வாருங்கள். 17பி குறிப்பாணை, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு, கையில் வந்த பிறகு ஓடி வருகிறவரையும் நாங்கள் விடமாட்டோம், உட்காரவைத்து விளக்கம் எழுத உதவுவோம். ஆனால் முன்பே வந்திருந்தால் பாதிச் சிக்கல் வந்தே இருக்காது. உங்கள் வேலையை முறைப்படுத்தும் பணிவரன்முறை ஆணை, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை, ஊதிய உயர்வு எல்லாம் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா? சம்பள விவரம் அரசின் களஞ்சியம் செயலியில் வந்துவிடுகிறது, சரி. பதிவேட்டை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம். இரண்டு பேர்தான்.

அப்புறம், உங்கள் பக்கத்து மேசைக்காரருக்காகவும் வாருங்கள். பணியில் இருக்கும்போது ஒருவர் இறந்துபோனால் கருணை அடிப்படையில் வேலை கேட்க, இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். துக்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்? வாரிசுச் சான்றுக்கு அலைவதிலேயே மாதங்கள் ஓடிவிடும். நம் கிளையின் மகளிர் தோழர்கள் அப்படி ஒரு வீட்டுக்குப் போய், பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரமே விண்ணப்பத்தை எழுதி வாங்கிக்கொண்டு வந்தார்கள். எந்த மேடையிலும் அதைப் பற்றிப் பேசியதில்லை. இன்றைக்காவது பேசுவோம் என்றுதான் சொல்கிறேன்.

சங்கத்தில் சேர்ந்தால் மெமோ வருமா என்று வீட்டில் பயப்படுகிறார்கள். சங்கம் அமைக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு தருகிறது. அரசு ஊழியருக்கும் அது உண்டா என்ற கேள்வி, பம்பாயில் கணக்குத் துறையில் வேலை பார்த்த ஜோசப் என்ற ஊழியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசு அங்கீகரிக்காத சங்கத்தில் ஊழியர் இருக்கக்கூடாது என்ற விதியை நீதிமன்றம் 1962இல் செல்லாதென்றது. நாம் இன்று இந்தப் பந்தலில் தைரியமாக உட்கார்ந்திருப்பதில் அந்த மனிதருக்கும் பங்கு உண்டு.

ஆனால் அதே தீர்ப்பு வேலைநிறுத்தத்தை உரிமையாக ஏற்கவில்லை. இதையும் நேராகவே சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாரும் எங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லக்கூடாது. 2003 ஜூலை 2 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் உங்களில் பலர் பிறப்பதற்கு முன்னாலோ, பால்வாடியில் இருந்தபோதோ நடந்தது. அத்தியாவசியப் பணிகளைப் பராமரிப்பதற்கான எஸ்மா அவசரச் சட்டத்தில், விசாரணை இல்லாமல் ஏறத்தாழ 1,70,000 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்குத் தார்மிக உரிமைகூட இல்லை என்று ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரும்பாலோர் மன்னிப்புக் கடிதம் கொடுத்துத்தான் திரும்பி வந்தார்கள். அந்த வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்ட கைகள் இந்தப் பந்தலிலும் இருக்கின்றன.

அந்த நாட்களில் சம்பளம் இல்லாத வீடுகளுக்கு அரிசியும் பருப்பும் போய்ச் சேர்ந்தது எப்படி? மாநிலத் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள். எந்தத் தெருவில் யார் வீடு, யார் வீட்டில் கைக்குழந்தை என்று தெரிந்தவர்கள் வட்டக் கிளைக்காரர்கள்தான். மாநில மையம் அறிக்கை விடலாம், வழக்குப் போடலாம். வீட்டுக் கதவைத் தட்ட உள்ளூர்க்காரர்தான் வேண்டும்.

அதே 2003இல் ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் என்றார்கள். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து அதில் 10 சதவீதம் பிடித்தம். அன்று அது பழைய ஆட்களைத் தொடவே இல்லை. இருந்தும் இந்தப் பிடித்தம் இல்லாத பழைய ஓய்வூதியம் கேட்டு முதலில் கோரிக்கை அட்டை குத்திக்கொண்டு வேலை பார்த்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். இன்னும் வேலைக்கே வராத உங்களுக்காக.

நம் பக்கத்துக் குறைகளும் இருக்கின்றன. மாலை ஆறு மணிக்குக் கூட்டம் போட்டுவிட்டு, பெண்கள் வருவதில்லை என்று குறைப்படுகிறோம். கடைசி பஸ் ஏழு மணிக்குப் போகிற ஊரில் அவர்கள் எப்படி வருவார்கள்? சத்துணவு ஊழியரும் கிராம உதவியாளரும் ஆர்ப்பாட்டத்தில் முன்வரிசையில் வெயிலில் நிற்கிறார்கள், நிர்வாகிகள் பட்டியலில் அவர்கள் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. இந்தப் பேரவையிலேயே இது மாற வேண்டும். இன்னொன்று, மாறுதல் வாங்கித் தருவார்கள் என்று யாராவது சொல்லி நீங்கள் வந்திருந்தால், அது தவறான தகவல். கலந்தாய்வு ஒழுங்காக நடக்க வேண்டும் என்று கேட்போம். ஒருவருக்காக இன்னொருவரைத் தள்ளிவிடக் கேட்கமாட்டோம்.

நம் ஜன்னலுக்கு வெளியே மனுவோடு நிற்கும் முதியவரையும் மறக்காதீர்கள். அவரை நாலு முறை அலையவிட்டுவிட்டு, தெருவில் நின்று நம் கோரிக்கைக்கு ஆதரவு கேட்டால் அவர் ஏன் தருவார்?

தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். முதல் வேலை, ரசீதுப் புத்தகத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு மேசைக்கும் போய்ச் சந்தா கேளுங்கள். பணத்தைவிட அந்த நடை முக்கியம். யாருக்கு என்ன நிலுவை, யாருக்கு எந்த அதிகாரியால் தொல்லை, யார் வீட்டில் நோயாளி எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

வருகிற புதன்கிழமை மதிய இடைவேளையில் கருவூலத்துக்குப் பின்னால் இருக்கிற வேப்பமரத்தடியில் கூடுகிறோம். அலுவலகத்தில் கேட்டு, பணிப்பதிவேட்டின் நகலைக் கொண்டு வாருங்கள். பொருளாளர் கண்ணாடியோடு வந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்ப்பார். சாப்பாட்டு டப்பாவையும் எடுத்து வந்துவிடுங்கள், அங்கேயே சேர்ந்து சாப்பிடலாம்.