ஒட்டுகிறதா? கொஞ்சம் பொறுங்கள்

வணக்கம் நேயர்களே. பள்ளிப் பிள்ளைகளுக்கு ரொட்டி மாவு பிசையக் கற்றுக்கொடுப்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பல வருடங்களாக நான் ஆசையோடு செய்துவரும் வேலை இது. கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். இந்த நான்கை மேசைமேல் வைத்துவிட்டு, பாக்கெட்டில் வரும் தயார்க் கலவை எதுவும் இல்லாமல், 12, 13 வயதுப் பிள்ளைகளிடம் "ஆரம்பியுங்கள்" என்று சொல்வேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேச்சின் நடுவிலும் இதையே திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மாவு கையில் ஒட்டினால், மேலே மாவு தூவாதீர்கள். காத்திருங்கள்.

எந்த வகுப்பானாலும் ஐந்தாவது நிமிடத்தில் ஒரு குரல் வரும். "மிஸ், ஒட்டுது மிஸ்!" உடனே நாலு பக்கத்திலிருந்தும் அதே குரல். விரலிடுக்கெல்லாம் பிசுபிசுப்பு. ஒரு கை தானாகவே மாவு டப்பாவை நோக்கிப் போகும். பெரியவர்களும் அதைத்தான் செய்கிறோம். ஒரு பிடி போட்டால் ஒட்டுவது நிற்கும், உண்மைதான். இரண்டு நிமிடத்தில் மறுபடி ஒட்டும், இன்னொரு பிடி. கடைசியில் கையில் இருப்பது கல். அடுப்புக்குள் போனாலும் அது கல்தான்.

அந்த நேரத்தில் மாவுக்குள் என்ன நடக்கிறது? மாவுத் துகள் தண்ணீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து, ஈரத்துணி போட்டு மூடி, 20 நிமிடம் விட்டுவிடுங்கள். திறந்து பார்த்தால் அது வேறு மாவு. யாரும் பிசையாமலே வழவழப்பாக, இழுத்தால் நீளும்படி இருக்கும். பிரான்சின் ரொட்டி ஆசான் ரேமோன் கால்வெல் இந்தக் காத்திருப்புக்கு ஆட்டோலிஸ் என்று ஒரு பெயரே வைத்தார். பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் வேண்டாம், அந்த 20 நிமிடம்தான் வேண்டும். உப்பையும் ஈஸ்ட்டையும் அதற்கு அப்புறம் சேர்க்கலாம்.

சரி, அளவு. ஒவ்வொரு பிள்ளைக்கும் 100 கிராம் மாவு கொடுப்பேன். தண்ணீர் 65 கிராம், அதையும் தராசில்தான் நிறுக்க வேண்டும். உப்பு 2 கிராம். உலர்ந்த ஈஸ்ட் 1 கிராம், அதாவது கால் தேக்கரண்டிக்குச் சற்று மேல். ரொட்டி சுடுகிறவர்கள் எப்போதும் மாவை 100 என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்கு இத்தனை சதவீதம் என்றுதான் சொல்வார்கள். 100 கிராம் கையில் இருந்தால் சதவீதக் கணக்கைத் தனியாக நடத்தவே வேண்டியதில்லை. வீட்டில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால் சட்டென்று 650 கிராம் என்கிறார்கள்.

பிசைவதை வானொலியில் காட்ட முடியாது. உள்ளங்கையின் அடிப்பகுதியால் முன்னால் தள்ளுங்கள், மடியுங்கள், கால்வட்டம் திருப்புங்கள், மறுபடி தள்ளுங்கள். எட்டுப் பத்து நிமிடம். ஒரு துண்டைப் பிய்த்து மெல்ல விரித்து வெளிச்சத்தில் பிடித்தால், கிழியாமல் சவ்வு மாதிரி நின்று பின்னாலிருக்கும் விரல் நிழலாகத் தெரிய வேண்டும். தெரிந்தால் போதும்.

அந்தச் சவ்வுதான் குளூட்டன். வீட்டிலேயே பார்க்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். எலுமிச்சை அளவு மாவு உருண்டையைப் பிசைந்து, ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் வைத்துப் பிசைந்துகொண்டே இருங்கள். தண்ணீர் பால்போல வெளுக்கும். அது மாவுச்சத்து. தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினால் கடைசியில் கையில் ரப்பர்போல ஒன்று மிஞ்சும். இத்தாலியின் பொலோனியாவில் பெக்காரி என்ற அறிஞர் 18-ஆம் நூற்றாண்டில் இப்படிக் கழுவித்தான் அதைப் பிரித்தெடுத்தார். இதையே அரிசி மாவில் செய்தால் கையில் ஒன்றும் நிற்காது, எல்லாம் கரைந்து போய்விடும். ரொட்டிக்கு ஏன் கோதுமை என்ற கேள்விக்கு அதற்குமேல் நான் எதுவும் விளக்குவதில்லை.

இப்போது ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாருடைய மாவும் இரண்டு மடங்காகப் பொங்கிவிட்டது. அவளுடையது மட்டும் வைத்தது வைத்தபடி. கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விசாரித்ததில் தெரிந்தது: ஈஸ்ட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைக்கச் சொன்னேன். வெதுவெதுப்பு நல்லதென்றால் கொதிநீர் இன்னும் நல்லதுதானே என்று நினைத்திருக்கிறாள். நியாயமான யோசனைதான். புது மாவு கொடுத்திருந்தால் அன்றே அவளும் ரொட்டி எடுத்துக்கொண்டு போயிருப்பாள். நான் கொடுக்கவில்லை. அந்த மாவை மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தோம்.

மறுநாள் மூன்று பாட்டில்கள். மூன்றிலும் ஒரே அளவு சர்க்கரை, ஒரே அளவு ஈஸ்ட், வாயில் ஒரு பலூன். ஈஸ்ட் வேலை செய்தால் வாயு வந்து பலூன் எழும். ஒன்றில் சில்லென்ற தண்ணீர், ஒன்றில் வெதுவெதுப்பானது, ஒன்றில் கொதிநீர். கொதிநீரை நான்தான் ஊற்றினேன். ஊற்றிய உடனே கொதிநீர்ப் பலூன் லேசாக எழுந்தது! வகுப்பு முழுக்க ஒரே சத்தம். அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் அது சூடான காற்றும் ஆவியும்தான். ஆற ஆறச் சுருங்கித் தொங்கிப்போனது. அரை மணி நேரத்தில் வெதுவெதுப்பான பாட்டிலின் பலூன் நிமிர்ந்து நின்றது. சில்லென்றது அசையவில்லை.

இரண்டு பலூன்கள் தொங்குகின்றன. இரண்டும் ஒன்றா? இந்தக் கேள்வியை அவளேதான் கேட்டாள். சில்லென்ற பாட்டிலை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் நிற்க வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பலூனும் எழுந்தது. கொதிநீர் பாட்டில் ஆறி வெதுவெதுப்புக்கு வந்தபிறகும், பள்ளி விடும்வரை காத்திருந்தும், ஒன்றும் நடக்கவில்லை. நோட்டில் எழுதினாள்: "குளிரில் தூங்கியது. கொதியில் செத்தது." நொதித்தல், அதாவது சர்க்கரையிலிருந்து இப்படி வாயு வருவது, வெறும் வேதிவினையா, உயிரின் வேலையா என்று 19-ஆம் நூற்றாண்டில் பெரிய விவாதமே நடந்தது. அது உயிருள்ள ஈஸ்ட்டின் வேலை என்று லூயி பாஸ்டர் தன் சோதனைகளால் காட்டினார். அந்த இடத்துக்கு அவள் பாட்டிலும் பலூனும் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

அப்புறம் அந்தப் பழைய மாவை எடுத்தோம். புதிய ஈஸ்ட்டை இரண்டு கரண்டி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து அதிலேயே பிசைந்தாள். தண்ணீர் கூடியதால் கையெல்லாம் ஒட்டியது. மாவு டப்பா பக்கத்திலேயே இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. துணியைப் போட்டு மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். அந்த மாவு பொங்கியது, நேயர்களே.

பள்ளி மணிக்கும் ஈஸ்ட்டுக்கும் ஒத்துப்போகாதே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். 40 நிமிட வகுப்பில் ரொட்டி முடியாதுதான். ஈஸ்ட்டைப் பாதியாகக் குறைத்துப் பிசைந்து, இரவு முழுக்கக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மெல்லப் பொங்கும், வாசனையும் கூடும். மறுநாள் வெளியே எடுத்துக் குளிர் விட்டபின் உருட்டலாம்.

அடுப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள், எனவே வேகமாகச் சொல்கிறேன். 100 கிராம் மாவில் செய்த உருண்டைக்கு 220 டிகிரி செல்சியஸ், 15 முதல் 20 நிமிடம். அடியில் தட்டினால் வெற்றுக்கூடு மாதிரி சத்தம் வர வேண்டும். பச்சை மாவை ருசி பார்க்க விடாதீர்கள், அதில் கிருமி இருக்கலாம். கோதுமை ஒவ்வாத பிள்ளை உண்டா என்று பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சுட்ட ரொட்டியை உடனே வெட்டாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். அந்த அரை மணி நேரத்தில் மேசையைத் துடைத்துவிடலாம். குளிர்ந்த தண்ணீரில் துடையுங்கள், வெந்நீர் பட்டால் மாவு பசையாகி ஒட்டிக்கொள்ளும்.

நன்றி, வணக்கம்.